விசாரிக்க ஆள் இல்லாதவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில், யாரும் கவனிக்காதவர்களைத் தேடி வீடு சந்திப்புக்குப் போகிறவர்களோடு சேர்ந்து சில வருடங்களாகப் போய் வருகிறேன். புதிதாக வர விரும்புகிறவர்களும், வரத் தயங்குகிறவர்களும், இது தேவையா என்று யோசிக்கிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபடி பாதி பதில் சொல்லிப் பிரிவதைவிட, உட்கார்ந்து முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். மேற்கோள் வசனங்கள் நம்மில் பலர் மனப்பாடமாய் அறிந்த பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

கவனிக்கப்படாதவங்கன்னா யாரு? ஏழைகளைத்தானே சொல்றீங்க?

ஏழைகளும் உண்டு. ஆனால் வசதியாக இருந்துகொண்டே யார் கண்ணிலும் படாமல் போனவர்களும் உண்டு. படுக்கையில் கிடக்கும் கணவரைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மனைவியை நினைத்துப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் "அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? சிறையில் ஒருவர் இருக்கும் குடும்பம், மனநோயோடு போராடுகிறவர், காது கேளாததால் பிரசங்கத்தின்போது வெறுமனே உட்கார்ந்திருப்பவர், துணையை இழந்த முதியவர், திருமணமாகாமல் நாற்பதைக் கடந்தவர், குழந்தைக்காகக் காத்திருந்து களைத்துப்போன தம்பதி, சபைக் கட்டடத்தைப் பெருக்குகிறவர்: இவர்கள் எல்லாரும் இதில் அடக்கம்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்த மனிதர் ஒரு மாதம் காணாமல் போனால் யாராவது தேடுவார்களா? பதில் சந்தேகமாக இருந்தால், அவரைத்தான் சொல்கிறேன்.

இது நல்ல குணம்தான், ஒத்துக்கறேன். ஆனா கிறிஸ்தவங்க கட்டாயம் செய்யணும்னு வேதத்துல எங்க இருக்கு?

ஆதியாகமம் 16-இல் தொடங்கலாம். ஆகார் ஒரு அடிமைப்பெண், எகிப்திலிருந்து வந்தவள், கர்ப்பிணி. ஆபிராமும் சாராயும் பேசுகிற இடங்களில் அவளைப் பெயர் சொல்வதே இல்லை. "அடிமைப்பெண்" என்றுதான் குறிப்பிடுகிறார்கள். வனாந்தரத்தில் நீரூற்றண்டையில் கர்த்தருடைய தூதன்தான் அவளை "ஆகாரே" என்று முதலில் கூப்பிடுகிறார். அவளோ கர்த்தருக்கே ஒரு பெயர் சூட்டுகிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்." அந்த தேவனை ஆராதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைக் காணாமல் இருக்க முடியாது.

நம் தமிழ் வேதாகமம் இதற்குக் கொடுத்திருக்கும் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும்: விசாரிப்பது. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறது மத்தேயு 25:36. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்திலே "விசாரிக்கிறது" மாசில்லாத பக்தி என்கிறது யாக்கோபு 1:27. கேட்டறிவதும் பராமரிப்பதும் நமக்கு ஒரே சொல்தான். கேட்காமல் பராமரிப்பதோ, கேட்டுவிட்டு அப்படியே போய்விடுவதோ இந்தச் சொல்லுக்குள் அடங்காது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தவை.

கடைசியாக லூக்கா 16. வாசலில் கிடந்த தரித்திரனுக்குப் பெயர் உண்டு, லாசரு. ஐசுவரியவானுக்குப் பெயர் இல்லை. பல வருடம் வாசித்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது: பாதாளத்திலிருந்து அவன் "லாசருவை அனுப்பும்" என்று பெயர் சொல்லிக் கேட்கிறான். அப்படியானால் வாசலில் கிடந்தவனின் பெயர் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் தாண்டிப் போயிருக்கிறான். அங்கேயும் லாசருவைத் தனக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆளாகத்தான் பார்க்கிறான்.

எங்க சபையில அப்படி யாரும் இல்லையே. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

எருசலேம் சபையும் அப்படித்தான் நினைத்திருக்கும். அப்போஸ்தலர் இருந்த சபை, ஆஸ்திகளை விற்றுப் பொதுவில் வைத்த சபை. அங்கேயே கிரேக்க மொழி பேசின விதவைகள் "அன்றாட விசாரணையில்" விடுபட்டுப் போனார்கள் (அப்போஸ்தலர் 6:1). யாரும் வேண்டுமென்றே ஒதுக்கினதாக அங்கே எழுதியிருக்கவில்லை. பரிமாறுகிறவர்களின் மொழியும் பழக்கமும் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் இருப்பவர்கள் தானாகவே விடுபட்டுப்போவார்கள்.

பார்ப்பதற்குச் சில வழிகள் சொல்கிறேன். அடுத்த ஆராதனையில் உங்கள் வழக்கமான இடத்தை விட்டு வேறு மூலையில் உட்காருங்கள். கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து போகிறவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர் தனியாக நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கிறார். அழுகிற குழந்தையோடு வெளியிலேயே நிற்கும் தாய் பல வாரமாகப் பிரசங்கம் கேட்டிருக்க மாட்டாள். ஜெபக்குறிப்பு கேட்கும்போது ஒருநாளும் வாய் திறக்காதவர் யார்? போன வருடம் அடக்க ஆராதனை நடந்த வீட்டுக்கு இப்போது யார் போகிறார்கள்? முதல் வாரம் கூட்டம் தாங்காது. மூன்றாம் மாதத்தில் அந்த வீடு எப்படி அமைதியாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய பெயர்ப் பதிவேடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். "இவர்கள் எங்கே போனார்கள்?" என்று ஒருவராவது கேட்பீர்கள்.

போய் என்ன பேசறது? எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

பேச வராதவர்கள் இந்த வேலைக்கு நல்ல ஆட்கள் என்பது என் எண்ணம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரியாகவே இருந்தது. வாய் திறந்து காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவனை நோகடித்தார்கள். "தேவ சித்தம்", "எல்லாம் நன்மைக்கே", "இதைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்" போன்ற வார்த்தைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பர்திமேயு குருடன் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இயேசுவுக்குத் தெரியாதா? இருந்தும் கேட்டார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" முப்பத்தெட்டு வருடம் வியாதியாயிருந்தவனிடமும் "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று கேட்டார். அவன் ஆம் என்றுகூடச் சொல்லவில்லை, தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட ஒருவருமில்லை என்ற மனத்தாங்கலைச் சொன்னான். இயேசு அதையும் கேட்டார். நாமும் ஒரு கேள்வி கேட்டு, வரும் பதில் நம் கேள்விக்குப் பொருந்தாவிட்டாலும் கடைசிவரை கேட்டால் போதும். சாதாரணக் கேள்வியே நல்லது: "தூக்கம் வருகிறதா?" "சாப்பாடு யார் செய்கிறார்கள்?" "அவரைப் பற்றிச் சொல்லுங்களேன்." இறந்தவரின் பெயரைச் சொன்னால் அழுவார்களோ என்று பயந்து தவிர்க்கிறோம். அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அவங்களுக்காக ஜெபிக்கறேன். அது போதாதா?

ஜெபியுங்கள். ஆனால் வஸ்திரமும் அனுதின ஆகாரமும் இல்லாதவனிடம் சமாதானத்தோடே போங்கள் என்று சொல்லி அனுப்புவதைப் பற்றி யாக்கோபு 2:15, 16-இல் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஜெபித்து முடித்தவுடன் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

எனக்கே ஆயிரம் கஷ்டம். இதுல இன்னொருத்தரை எப்படிப் பார்க்கறது?

எல்லாரையும் பார்க்கச் சொல்லவில்லை. ஒருவரை மட்டும். மாதத்தில் இரண்டு முறை, அரை மணி நேரம், விடாமல் இரண்டு வருடம். இது சின்னதாகத் தெரியும், செய்து பார்த்தால் தெரியாது. தொடக்கத்தில் ஐந்து வீடுகளை ஏற்றுக்கொண்டு ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே விடப்பட்டவரை இன்னொரு முறை விடுவது அவருக்குப் பெரிய அடி. ஆகவே உங்களால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே வாக்குக் கொடுங்கள்.

காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று மாமன் எத்திரோ சொன்னது யாத்திராகமம் 18-இல் இருக்கிறது. சுமை பகிர்ந்தால்தான் நிற்கும். உண்மையாகவே உங்களுக்கு இப்போது முடியாத காலம் என்றால், கடைசிக் கேள்விக்கு நேராகப் போய் அதைப் படியுங்கள்.

உதவி செஞ்சா வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கறாங்க. நாம என்ன தப்புப் பண்ணினோம்?

தப்பு என்று சொல்ல மாட்டேன். கொடுத்த விதத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். எரேமியாவைச் சேறு நிறைந்த துரவிலிருந்து தூக்கின எபெத்மெலேக்கு கயிறு மட்டும் கொண்டு போகவில்லை. பழைய துணிகளைப் பொறுக்கிக் கட்டி இறக்கி, அக்குளில் கயிறு அறுக்காதபடி வைத்துக்கொள்ளச் சொன்னான் (எரேமியா 38). உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அந்த மனிதனின் தோலைப் பற்றி யோசித்திருக்கிறான்! போவாஸும் அப்படித்தான். ரூத்துக்கு ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதற்குப் பதிலாக, அவள் பொறுக்கும்படி அரிகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடச் சொல்லி, அவளை அதட்டாதிருங்கள் என்றும் வேலைக்காரருக்குச் சொன்னான். அவள் தன் கையால் சேர்த்ததாகவே வீட்டுக்குக் கொண்டு போனாள்.

இன்னொரு வழி, அவரிடமே ஏதாவது கேட்பது. சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்கான வசன அட்டைகளை எழுதித் தர முடியுமா என்று கேட்டோம். மறுவாரம் அவரே போன் செய்து, மை தீர்ந்துவிட்டது என்றார். அதன்பிறகுதான் எங்களை உள்ளே உட்காரச் சொன்னார்.

சிலர் ஏமாத்தறாங்களே? பொய்க் கதை சொல்லி வாங்கிட்டுப் போறாங்க.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விசாரிப்பது என்ற சொல்லிலேயே இதற்குப் பதிலும் இருக்கிறது: போய்ப் பாருங்கள், கேளுங்கள், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் தேவைப்படும் இடத்தில் மருந்துக் கடைக்கோ பள்ளிக்கோ நேராகக் கட்டலாம். மறுபடி மறுபடி பழகினால் பெரும்பாலான பொய்கள் தானாக வெளியே வந்துவிடும். பொய்க்குப் பின்னால் சொல்ல வெட்கப்பட்ட உண்மைத் தேவையும் சில வேளை வெளியே வரும்.

ஆனால் ஏமாறுவதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று: ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்னதை அப்படியே நம்புவது. தாவீது சவுலின் வீட்டில் மீதியானவர் உண்டோ என்று தேடி, லோதேபாரிலிருந்து மேவிபோசேத்தை வரவழைத்துப் பந்தியில் உட்காரவைத்த கதையை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். தொடர்ச்சியைச் சொல்வதில்லை. தாவீது மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிப்போகும் நேரத்தில் மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா வந்து, உம்முடைய மேவிபோசேத் ராஜ்யம் தனக்கு வரும் என்று எருசலேமில் இருந்துவிட்டான் என்கிறான். தாவீது ஒரு வார்த்தை விசாரிக்காமல் நிலம் எல்லாவற்றையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறார். பிறகு மேவிபோசேத் தாடியைச் சீர்படுத்தாமல், வஸ்திரத்தை வெளுக்காமல் வந்து நிற்கிறான்: நான் முடவன், வேலைக்காரன் என்னை மோசம்போக்கினான். அப்போதும் தாவீது நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார் (2 சாமுவேல் 16, 19). தேடிப்போய் அன்பு காட்டின ராஜாவே, நடக்க முடியாத ஒருவனைப் பற்றி நடக்கக்கூடியவன் சொன்னதை நம்பினார். "அந்த வீட்டுக்குக் கொடுக்காதீங்க, அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

படம் எடுத்துப் போட்டா மத்தவங்களுக்கும் ஒரு தூண்டுதலா இருக்குமே, அது தப்பா?

வேண்டாம். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனம் கொடுக்கிறவரின் ஆத்துமாவுக்கு நல்லது. வாங்குகிறவரின் மானத்துக்கும் நல்லது. சம்மதம் கேட்டுத்தான் எடுத்தோம் என்பார்கள். கையில் பொருளை வைத்துக்கொண்டு கேட்டால் யார் மறுக்க முடியும்?

படத்தைவிட அதிகம் நடப்பது ஜெபக்குறிப்பு. "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று தொடங்கி, குடும்பத்தின் உள்விஷயம் முழுதும் குழுச் செய்தியில் ஓடிவிடும். வீட்டில் கேட்டதை வெளியே சொல்வதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் கேளுங்கள். பகிர வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. ஒரு பிள்ளையோ பெண்ணோ முதியவரோ துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால், இரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடனே பாதுகாப்புத் தரக்கூடிய, சட்டப்படி பொறுப்புள்ள ஆட்களிடம் போக வேண்டும். சபையின் நற்பெயர் கெடும் என்று மறைப்பது பாவம்.

தனியா போகலாமா?

இரண்டிரண்டு பேராகப் போங்கள். இயேசு சீஷர்களை அனுப்பினதும் அப்படித்தான். பெண்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது உடன் வர வேண்டும். பெற்றோரோ வேறு பெரியவரோ இல்லாமல் பிள்ளைகளோடு தனித்திருக்க வேண்டாம். யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நல்ல எண்ணம் உள்ளவர்களே இந்த ஒழுங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்ம ஆட்களை முதல்ல பார்க்க வேண்டாமா? வெளியாட்களுக்குச் செஞ்சா அவங்க சபைக்கு வரவா போறாங்க?

"விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" என்று கலாத்தியர் 6:10-இல் இருப்பது உண்மை. அதே வசனம் "யாவருக்கும்" நன்மை செய்யச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டை மீட்க நினைத்த ரோமப் பேரரசர் ஜூலியன் 362-ஆம் ஆண்டுவாக்கில் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்கள், நாமோ நம் ஆட்களுக்கு உதவாமல் இருப்பது வெட்கம் என்று குறைப்பட்டுக்கொண்டார். எதிரியின் வாயிலிருந்து வந்த சாட்சி அது. இன்று நம்மைப் பிடிக்காத ஒருவர் நம்மைப் பற்றி அப்படி எழுதுவாரா என்று நான் கவலையோடு நினைப்பதுண்டு.

சபைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்காதீர்கள். பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கவில்லை. ஏன் வருகிறீர்கள் என்று அவர்களே கேட்டால் இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் மறுமுறை போங்கள்.

இதெல்லாம் போதகர் வேலை இல்லையா? இல்லன்னா நாங்க தனித்தனியா செஞ்சா போதுமா?

மேலே சொன்ன எருசலேம் சபைக்கே திரும்பலாம். விதவைகளின் குறை காதுக்கு வந்ததும் அப்போஸ்தலர் ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி பேசக்கூடியவர்களின் கையிலேயே பரிமாறும் பொறுப்பு போனதாகவே இதைப் படிக்கிறேன். உங்கள் குழுவில் ஒரு விதவை, ஊனமுற்ற ஒருவர், புதிதாய் வந்த ஒருவர் இருக்கிறார்களா? அவர்கள் கண்ணுக்குப் படுவது நம் கண்ணுக்குப் படாது.

பட்டியலும் வேண்டும். அன்புக்கு எதற்குப் பட்டியல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 251-ஆம் ஆண்டு ரோமச் சபைக் கண்காணி கொர்னேலியு எழுதிய கடிதத்தில், அந்தச் சபையில் 46 மூப்பர், 7 உதவிக்காரர் என்று எண்ணிக்கொண்டே வந்து, 1,500-க்கும் அதிகமான விதவைகளும் துன்பப்படுவோரும் தாங்கப்படுகிறார்கள் என்று முடிக்கிறார். உபத்திரவக் காலத்துச் சபை அது. யாரையும் மறக்கக்கூடாது என்பதால் எண்ணி வைத்திருந்தார்கள். ஒரு நோட்டில் பெயர், கடைசியாய்ப் போன தேதி, அடுத்து யார் போவது என்று மூன்று பத்தி போட்டால் போதும்.

சிலரை மறந்து விடல, வேணும்னேதான் ஒதுக்கி வெச்சிருக்காங்க. அங்க போய் விசாரிச்சா மட்டும் என்ன மாறும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோபமாகக் கேட்டார். அவர் கோபம் சரியானது. பிறப்பு, நிறம், மொழி, உடற்குறை, கடந்தகால வாழ்க்கை என்று ஏதாவது ஒன்றைக் காட்டி ஒதுக்குகிற இடத்தில், ஒதுக்கப்பட்டவரைப் போய்ப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வருவது பாதி வேலை. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடத்தையும், கந்தையான வஸ்திரம் தரித்தவனுக்குப் பாதபடியையும் காட்டுகிறவர்களைப் பார்த்து, நீங்கள் பேதகம்பண்ணுகிறீர்கள் என்று யாக்கோபு நேராகச் சபைக்குத்தான் எழுதினார். கர்த்தருடைய பந்தியில் சிலர் முந்தித் தின்ன, சிலர் பசியாயிருந்ததைப் பவுலும் சபையின் முகத்துக்கு நேரே கண்டித்தார்.

ஆகவே யார் எங்கே உட்காருகிறார்கள், யார் வேதபாடம் வாசிக்கிறார்கள், யார் திருவிருந்தில் பரிமாறுகிறார்கள், யார் வீட்டுத் திருமணத்துக்கு யார் அழைக்கப்படுவதில்லை என்பதைச் சபைக் கூட்டத்தில் கேட்க வேண்டியிருக்கும். கேட்கிறவர் கொஞ்சம் தனிமைப்படுவார். அப்போது அவரையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

கவனிக்கப்படாத ஆள் நான்தான். யாரும் வரல. நான் என்ன பண்றது?

இந்தக் கேள்வி எனக்கு ஒரு துண்டுச் சீட்டில் வந்தது, பெயர் இல்லாமல். அதற்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். முதலில், நாங்கள் வராமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் விசுவாசம் குறைந்ததால் இது நடக்கவில்லை. "என்னை அறிவார் ஒருவரும் இல்லை, என் ஆத்துமாவை விசாரிப்பார் ஒருவரும் இல்லை" என்பது சங்கீதம் 142-இல் இருக்கிறது. தாவீது கெபியில் இருந்தபோது செய்த ஜெபம். வேதமே அந்த வார்த்தையை ஜெபமாக ஏற்று வைத்திருக்கும்போது, நீங்கள் அதைத் தயங்காமல் சொல்லலாம்.

மனிதரிடமும் சொல்லுங்கள். பவுல் கடைசிக் காலத்தில் சிறையிலிருந்து எழுதினதைப் பாருங்கள். எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். துரோவாவில் கார்ப்பு வசம் வைத்துவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். அதே நிருபத்தில் ஒநேசிப்போருவைப் பற்றியும் சொல்கிறார். ரோமாவில் அதிக ஜாக்கிரதையாய்த் தேடித் தன்னைக் கண்டுபிடித்த அந்த ஆளின் பெயரை நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லும்போது கேட்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்னோடு வர முடியுமா?" என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மறந்துவிட்டால் இன்னொருவரிடம் கேளுங்கள். பேசாதிரு என்று அநேகர் அதட்டினபோது பர்திமேயு முன்னிலும் அதிகமாய்க் கூப்பிட்டான். இயேசு நின்றது அதற்குப் பிறகுதான்.